சம்பளத்தை வாங்க மறுத்த படை

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதனால் கதை சொல்லப் போவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட கறுப்பினப் படையான 54ஆவது மாசசூசெட்ஸ் காலாட்படையை "போர் நடக்கும்போது சம்பளத்துக்குத் தகராறு பண்ணினவங்க" என்று பேச்சாளர் சொன்னார், முன்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். அவர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்புதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

ஐயா, அவர்கள் கூடுதலாக எதையும் கேட்கவில்லை. கொடுத்ததை வாங்க மறுத்தார்கள். மறுத்துக்கொண்டே சண்டையும் போட்டார்கள்.

1863இல், போரின் நடுவில், வடக்குத் தரப்பு திரட்டிய கறுப்பினத் தொண்டர் படை அது. எல்லாரும் தாமாக வந்து பேர் கொடுத்தவர்கள். ஆள் சேர்க்க மேடை மேடையாகப் பேசிய கறுப்பின விடுதலைத் தலைவர் பிரடெரிக் டக்ளஸின் இரண்டு மகன்களும் அதில் இருந்தார்கள். மற்ற வீரர்களைப் போலவே மாதம் 13 டாலர் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். கடைசியில் நீட்டியது 10 டாலர், அதிலும் சீருடைத் துணிக்கு 3 டாலர் பிடித்தம். கையில் 7. வெள்ளை வீரனுக்கு 13 முழுசாக, துணிப்படி தனி. இத்தனைக்கும் ஆபத்து இவர்களுக்குத்தான் அதிகம். பிடிபட்டால் போர்க்கைதியாக நடத்த மாட்டோம், அடிமைக் கலகக்காரன் என்று தண்டிப்போம் என்று அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குத் தரப்பு வெளிப்படையாகவே அறிவித்திருந்தது.

அந்த 7 டாலரை எப்போது நீட்டினார்கள் தெரியுமா? வாக்னர் கோட்டைத் தாக்குதல் முடிந்த பிறகு. 1863 ஜூலை 18, சாயங்காலம், தென் கரோலினா கடற்கரை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு, நடுவே ஒடுங்கிய மணல், எதிரே பீரங்கி. முன்னால் போனவர்கள் இவர்கள். சுமார் 600 பேரில் ஏறக்குறைய 270 பேர் செத்தும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். வெள்ளைக்காரத் தளபதி ராபர்ட் கூல்ட் ஷா மதில்மேலேயே விழுந்தார். உடம்பெல்லாம் குண்டுக்காயத்தோடு கொடியைத் திரும்பக் கொண்டுவந்த சார்ஜென்ட் வில்லியம் கார்னிக்குப் பதக்கம் வந்தது 1900இல். மிச்சமிருந்தவர்களிடம்தான் அந்த 7 டாலர் வந்தது. வேண்டாம் என்றார்கள்.

அப்புறம் மாசசூசெட்ஸ் மாநிலம் குறைகிற தொகையை நாங்களே போட்டுத் தருகிறோம் என்றது. அதையும் வேண்டாம் என்றார்கள்! பேச்சாளர் இதைச் சொன்னாரா? பணம்தான் குறி என்றால் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போயிருப்பார்களே. எங்களைப் படைவீரன் என்று சேர்த்த அரசாங்கம் படைவீரன் சம்பளத்தைத் தரட்டும் என்று நின்றார்கள்.

என் அம்மா ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். பதிவேட்டில் கையெழுத்து ஒரு தொகைக்கு, கவரில் இருப்பது அதில் பாதி. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி சாயங்காலம் அந்தக் கவரைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, எண்ணாமலே உள்ளே போய்விடுவார். மளிகைக்கடை பாக்கி இருக்கும், என் ஃபீஸ் இருக்கும், அதனால் அடுத்த மாதமும் கையெழுத்துப் போடுவார். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று. இந்த வீரர்களுக்கும் ஊரில் பெண்டாட்டி பிள்ளை இருந்தார்கள், பட்டினி இருந்தது. அதைச் சுமந்துகொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் மறுத்தார்கள்.

"போர்க்காலத்தில் ஒழுங்கு முக்கியம்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஒழுங்கா? 1864 பிப்ரவரியில் புளோரிடாவில் ஒலஸ்டீ சண்டை தோற்றபோது, பின்வாங்கிய படைக்குக் காவலாகக் கடைசிவரை நின்றவர்களில் இவர்கள் உண்டு. வழியில் காயம்பட்டவர்கள் இருந்த ரயிலின் எஞ்சின் பழுதாகி நின்றுவிட்டது. சண்டை போட்டு, நடந்து நடந்து களைத்துப்போனவர்கள் திரும்பிப் போய், கயிறு கட்டி அந்த ரயிலைக் கையால் இழுத்தார்கள். ஒரு பைசா சம்பளம் வாங்காத காலத்தில். ஒழுங்கு என்ற பேரில் என்ன நடந்தது என்பதையும் சொல்லட்டுமா? வேறொரு கறுப்பினப் படையில் இதே சம்பளத்துக்காகத் தன் ஆட்களை ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்ன சார்ஜென்ட் வில்லியம் வாக்கரை, கலகம் என்று சொல்லி, அதே மாதம் சுட்டுக்கொன்றார்கள். சுட்டது சொந்த ராணுவம்.

"வெள்ளை அதிகாரிகளும் செத்தார்களே"? செத்தார்கள், யார் இல்லை என்றது. ஷாவை எதிரிகள் அவருடைய வீரர்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள், உடலை எடுக்க வேண்டாம் என்று அவர் அப்பாவே சொன்னார். ஆனால் பாஸ்டனில் 1897இல் ஷாவுக்கும் இந்தப் படைக்கும் திறந்த நினைவுச்சின்னத்தில் இறந்த அதிகாரிகளின் பெயர் இருந்தது, இறந்த கறுப்பு வீரர்களின் பெயர் 1980களில்தான் ஏறியது. இதற்கு என்ன பதில்?

"நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்பவர்கள் அந்தக் கூட்டத்துக்கு ஏன் போனீர்கள்?

கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங், முன்பு திமிங்கல வேட்டைக் கப்பலில் வேலை பார்த்தவர். நாங்கள் படைவீரர்களா, கூலியாட்களா என்று அதிபர் லிங்கனுக்கே கடிதம் எழுதினார். 1864 ஜூனில் சமச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது, செப்டம்பர் கடைசியில்தான் பாக்கிப் பணம் கைக்கு வந்தது. குடிங் ஒலஸ்டீயில் பிடிபட்டு, ஜூலையிலேயே தெற்குத் தரப்பின் ஆண்டர்சன்வில் சிறையில் செத்துப்போனார். முன்வரிசையில் சிரித்தீர்களே, இவரைப் பார்த்தும்தான் சிரித்தீர்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கு: அடுத்த மாதக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள். பேச்சாளரும் இருக்கட்டும், எதிரிலேயே பேசுகிறேன்.