16 அம்பியர் என்று எழுதிய பெட்டி

கார் சார்ஜர் பெட்டியில் 16 அம்பியர் என்று அச்சடித்துவிட்டு, வயர் முனையில் 13 அம்பியர் பிளக்கை மாட்டி விற்கிறவனை என்ன சொல்வது?

கொழும்பில் என் வீட்டில் நிற்பது ஜப்பானிலிருந்து வந்த அவுட்லேண்டர் கார், பிளக்-இன் ஹைபிரிட்: பெற்றோலிலும் ஓடும், சுவரில் சொருகிச் சார்ஜ் ஏற்றியும் ஓட்டலாம். மலிவென்று சீனாச் சார்ஜர் ஒன்று வாங்கி, இரவு பத்து மணிக்குச் சொருகினேன். ஒரு மணி நேரத்தில் கராஜில் பிளாஸ்டிக் கருகும் மணம். ஓடிப்போய் மெயினை நிறுத்திவிட்டுப் பார்த்தால், பிளக் பழுப்பாக உருகிச் சுவர்ச் சொக்கெட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. கழற்றிப் பார்த்தேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பித்தளைத் துண்டு!

காருக்கு இதெல்லாம் தெரியாது. 16 எடுக்கலாம் என்று பெட்டி சிக்னல் கொடுத்தால், நம்பி இழுக்கும். கரண்ட் 10இலிருந்து 16 ஆனால் அதே இணைப்பில் சூடு இரண்டரை மடங்கு. ஐந்து நிமிடம் கொதிக்கிற கேத்தலா இது? நாலு மணி நேரம் விடாமல் ஓடுகிற சாமான்.

விற்றவனைக் கேட்டால், "உங்கட சொக்கெட் பழசு அண்ணா" என்கிறான். போன மாதம் போட்ட சொக்கெட்! மேல்மாடியில் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். அதை நினைத்தால்தான் வயிறு பற்றி எரிகிறது.