‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் எழுதுகிறேன்

விபத்து அறிக்கைப் படிவத்தில் ‘விபத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் தகட்டை அடித்து வடிவமாக்கும் பவர் பிரஸ் இயந்திரத்தில் டை என்ற கீழ் அச்சைப் பொருத்தும் டை செட்டராகவும் பிறகு மேற்பார்வையாளராகவும் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த நான், அந்தக் கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று என் கைப்பட எழுதியிருக்கிறேன். ஒரு முறை அல்ல, பல முறை. அந்தச் சொல் எத்தனை பெரிய பொய் என்பது எனக்கு விளங்கியது ஒரே ஒரு விபத்தில்தான். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

ஒடிசாவிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பையன். வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. முப்பது டன் பிரஸ் ஒன்றில் சிறிய பிராக்கெட் அடித்துக்கொண்டிருந்தான். விபத்துக்கு முந்தைய நாள் மாலை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் என்னிடம் வந்து, இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டி, ‘டபுள் மார் ரஹா ஹை’ என்றான். பெடலை ஒரு முறை மிதித்தால், தகட்டை அடிக்கும் பஞ்ச் என்ற மேல் அச்சு இரண்டு முறை இறங்குகிறது என்று அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தலையை ஆட்டினேன். மறுநாள் காலை பத்தே முக்கால் மணிக்கு, அடித்த பிராக்கெட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டபோது, அவன் மிதிக்காமலேயே பஞ்ச் இன்னொரு முறை இறங்கியது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

இந்த இயந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். பழைய வகை பிரஸ்களில் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். பெடலை மிதித்ததும் கிளட்ச் கீ அந்தச் சக்கரத்தோடு பிடித்துக்கொள்ளும், பஞ்ச் கீழே இறங்கி மேலே ஏறும், ஒரு முழுச் சுற்று முடிந்ததும் கீ விடுபட்டுவிட வேண்டும். கீயோ அதை விடுவிக்கும் ஸ்பிரிங்கோ தேய்ந்திருந்தால் சில சமயம் விடுபடாது, யாரும் மிதிக்காமலேயே பஞ்ச் மறுபடி இறங்கும். ஒருமுறை கீ பிடித்துவிட்டால் சுற்று முடியும்வரை இந்த வகை இயந்திரத்தை யாராலும் பாதியில் நிறுத்த முடியாது. அவசர பொத்தான் இருந்தாலும் பயன் இல்லை. விபத்துக்கு மறுநாள் அந்தக் கீயையும் ஸ்பிரிங்கையும் நான்தான் மாற்றினேன். முக்கால் மணி நேரம் ஆனது.

அறிக்கையில் வழக்கம்போல எழுதினேன். பயிற்சி அளிக்கப்பட்டது என்பதற்கு ஆதாரமாகப் பதிவேட்டில் அவன் கையெழுத்தையும் இணைத்தோம். அவன் சேர்ந்த மூன்றாம் நாள் அலுவலக அறையில் பதினான்கு பேரை உட்கார வைத்து அரை மணி நேரம் நடந்த கூட்டம்தான் அந்தப் பயிற்சி. ஹெல்மெட், ஷூ, கையுறை, ‘கவனமாக வேலை செய்யுங்கள்’ என்ற அறிவுரை ஆகிய அனைத்தும் தமிழில் சொல்லப்பட்டன. கேட்டவர்களில் ஒன்பது பேருக்குத் தமிழ் தெரியாது. பிரஸ் இரண்டு முறை அடிக்கலாம் என்றோ, அடித்தால் உடனே நிறுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும் என்றோ ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. ஆனாலும் யாரும் சொல்லாமல் அவன் அதைத் தானாகவே கண்டுபிடித்து வந்து சொன்னான். கவனக்குறைவாக இருந்தவன் யார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கவனமாக இரு என்று ஒரு மனிதனிடம் சொல்லும்போது நாம் என்ன கேட்கிறோம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்குப் பத்து உருப்படி என்று மெதுவாக அடித்தாலும், எட்டு மணி நேரத்தில் 4,800 முறை அவன் கை டைக்குள் போய் வருகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் கண்ணயர்வு, கூரைத் தகரத்திலிருந்து இறங்கும் வெக்கை, ஊரிலிருந்து வந்த தொலைபேசிச் செய்தி எல்லாவற்றுக்கும் நடுவில் 4,800 முறையும் தவறாமல் கவனமாக இருக்கும் மனிதன் இந்த உலகில் இல்லை, நானும் இல்லை, நீங்களும் இல்லை. ஆகவே கை உள்ளே போகாதபடி வேலையை அமைப்பதுதான் முதல் கடமை, பயிற்சி அதற்கு அடுத்தது. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் செய்கிறவர்கள் விபத்தைத் தடுப்பதில்லை, விபத்து நடந்த பின் யார் மேல் பழியைப் போடலாம் என்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்கிறார்கள்.

கை உள்ளே போகாமல் இருக்க வழிகள் உண்டு, அவற்றில் பல செலவு குறைந்தவை. பஞ்சுக்கும் டைக்கும் இடையிலான திறப்பை 6 மில்லிமீட்டருக்குள் வைக்க முடிகிற வேலையானால் விரல் நுழையவே இடம் இருக்காது. முடியாத இடத்தில் டையைச் சுற்றிக் கம்பி வலைத் தடுப்பு போட்டு, தகடு மட்டும் நுழைகிற சந்து விடலாம். உருப்படியை வெளியே ஒரு தட்டில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினால் அது டைக்குள் போய் உட்காரும்படி செய்யலாம். பெடலைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பஞ்ச் இறங்கும் என்ற இரட்டைப் பொத்தானை வைக்கலாம். ஆனால் அது பொத்தானை அழுத்துகிறவரின் கைகளை மட்டுமே காக்கும், பக்கத்தில் நிற்கும் ஹெல்பரின் கையைக் காக்காது. கீ தேய்ந்து டபுள் அடித்தால் அழுத்துகிறவரைக்கூடக் காக்காது. லைட் கர்ட்டன் என்ற ஒளித்திரைக் கருவியை வாங்கிப் பொருத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிற உரிமையாளர்களிடம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கையைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்வதுதான் அந்தக் கருவியின் வேலை. பாதியில் நிற்கவே முடியாத கீ கிளட்ச் பிரஸ்ஸில் அதைப் பொருத்துவதால் பயன் இல்லை, பாதுகாப்பு இருக்கிறது என்ற பொய்யான தைரியம் மட்டும் கூடும்.

அந்த விபத்துக்குப் பிறகு நான் வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கே பயிற்சியை அலுவலக அறையிலிருந்து இயந்திரத்தின் அருகே கொண்டுவந்தேன். புதிதாக வருகிறவர்களைச் சுற்றி நிற்க வைத்து, நீளமான இடுக்கியில் ஒரு முருங்கைக்காய்த் துண்டைப் பிடித்து டைக்குள் நீட்டுவேன். பஞ்ச் இறங்கும் வேகத்தையும் அந்தத் துண்டு ஆகும் கதியையும் ஒரு முறை பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் எந்த மொழியிலும் விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு மோட்டாரை அணைத்துவிட்டுச் சக்கரத்தைப் பார்க்கச் சொல்வேன். சக்கரத்தின் விளிம்பில் சாக்கட்டியால் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருப்பேன். சுவிட்சை அணைத்த பிறகும் அந்தக் கோடு சுற்றிக்கொண்டே இருக்கும், அப்போது பெடலில் கால் பட்டால் பஞ்ச் இறங்கும். கோடு அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்க்கும்வரை டையில் கை வைக்கக் கூடாது என்பதை அவர்கள் ஒவ்வொருவராக எனக்குச் செய்து காட்டிய பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவேன். இந்தியில் நன்றாகப் பேசுகிற மூத்த ஆப்பரேட்டர் ஒருவர் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வேலைக்கென அவருக்குத் தனியாக ஒரு படி கொடுக்கும்படி முதலாளியிடம் கேட்டு வாங்கினேன்.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது, நிறுத்துகிற உரிமையைத் தொழிலாளியின் கையில் கொடுப்பதுதான். இயந்திரம் சரியில்லை என்று தோன்றினால் யாரையும் கேட்காமல் நிறுத்தலாம், அந்த நேரத்து உற்பத்தி அவன் கணக்கில் குறைவாக எழுதப்படாது என்று அறிவித்தோம். முதல் மாதம் யாரும் நிறுத்தவில்லை. அவர்கள் நம்பவில்லை என்பதுதான் காரணம். இரண்டாம் மாதம் ஒரு பெண் தொழிலாளி நிறுத்தினார். போய்ப் பார்த்தால் இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை. அன்று அவரைக் கடிந்துகொண்டிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். முதலாளி வந்து எல்லார் முன்னாலும் அவருக்கு நன்றி சொன்னார். அதன் பிறகுதான் விபத்தாகாமல் மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் எழுதி வைக்கும் நோட்டில் பக்கங்கள் நிரம்பத் தொடங்கின.

சட்டம் இதையெல்லாம் கேட்காமல் விட்டதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. ஆபத்தான இயந்திரங்களில் இளவயதினரை நிறுத்துமுன் ஆபத்தை முழுமையாக விளக்கி, போதிய பயிற்சியோ அனுபவசாலியின் மேற்பார்வையோ தர வேண்டும் என்றது 23-ஆம் பிரிவு. எனக்கு இருக்கும் கவலை எல்லாம் சிறிய பட்டறைகளைப் பற்றியது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்று அந்தச் சட்டம் கணக்கிட்டது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியிருக்கிறது. எட்டுப் பேரும் பன்னிரண்டு பேரும் வேலை செய்கிற ஷெட்டுகளில்தான் தேய்ந்த கீயோடு பழைய பிரஸ்கள் ஓடுகின்றன என்பதை அந்தத் தெருக்களில் நடந்த எவரும் அறிவார்கள்.

விரலுக்குச் சட்டத்தில் விலையும் உண்டு. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் வருவாய்த் திறனில் 14 சதவீத இழப்பு, நடுவிரலுக்கு 12, கட்டைவிரலுக்கு 30 என்று 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை கணக்கிட்டது. அந்தப் பையன் ஊரில் தச்சு வேலை பழகியவன். உளியைப் பிடிக்க எந்த விரல்கள் வேண்டும் என்பது அட்டவணைக்குத் தெரியாது.

ஒரு முக்கியமான விஷயத்தை எல்லாப் பயிற்சியிலும் சேர்க்க வேண்டும். விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுத்து, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு நன்றாக மூடி, அந்தப் பையைத்தான் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. அங்கே போகாமல் பக்கத்துக் கிளினிக்கில் தையல் போட்டு, கதவில் நசுங்கியது என்று எழுதி வைக்கிற வழக்கத்தை இனியாவது விட்டுவிடுங்கள். அப்படி எழுதினால் ஈ.எஸ்.ஐ. பலனும் கைக்கு வராமல் போகும்.

இவ்வளவும் செய்தால் வேலை மெதுவாகும், ஜாப் ஒர்க் விலைக்குக் கட்டாது என்று உரிமையாளர்கள் சொல்வதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஓர் உருப்படிக்கு இத்தனை பைசா என்று பெரிய நிறுவனங்கள் அழுத்தும் விலையில்தான் அவர்களும் பிழைக்கிறார்கள். ஆனால் தள்ளு தட்டு பொருத்திய இரண்டு இயந்திரங்களில் எங்கள் பட்டறையின் உற்பத்தி முதல் வாரம் மட்டுமே குறைந்தது, பயம் போன பிறகு கை பழகிப் பழைய அளவுக்கே வந்துவிட்டது. அந்தத் தட்டுக்கான வரைபடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் பின்னூட்டத்தில் உங்கள் பிரஸ்ஸின் டன் அளவையும் டையின் உயரத்தையும் குறிப்பிடுங்கள், பொருந்துகிற மாதிரி அளவு போட்டு அனுப்புகிறேன்.