யூதேயாவின் ரோம ஆட்சியும் நற்செய்தி நூல்களும்

யூதர்களின் நாடான யூதேயாவில் நடந்த ரோம ஆட்சியை அறிய நற்செய்தி நூல்களே போதும், வரலாற்றாசிரியர்கள் தேவையில்லை என்னும் ஒரு கட்டுரையாளரின் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. இயேசு ஏரோது மன்னனின் காலத்தில் பிறந்தார் என்று மத்தேயு கூறுகிறார். லூக்காவோ அப்பிறப்பை, சிரேனியு சீரியாவின் தேசாதிபதியாக (ரோம ஆளுநராக) இருந்தபோது நடந்த குடிமதிப்போடு, அதாவது மக்களையும் சொத்தையும் பதிவுசெய்த கணக்கெடுப்போடு, இணைக்கிறார். ஏரோது கி.மு. 4இல் இறந்ததாகப் பெரும்பாலான அறிஞர்கள் கொள்கின்றனர். ஆனால் அவனுடைய மகன் அர்கெலாயு பதவி நீக்கப்பட்டு, யூதேயா ரோமின் நேரடி ஆட்சிக்குள் வந்த பிறகே, அதாவது கி.பி. 6ஐ ஒட்டியே, சிரேனியு அங்கே சொத்துகளைக் கணக்கெடுத்தான் என்பது யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் தரும் செய்தி. ஏறத்தாழ பத்தாண்டு இடைவெளியை விசுவாசத்தால் மட்டும் நிரப்பிவிட முடியாது.

அதற்காக வேதத்தை ஒதுக்க வேண்டியதுமில்லை. அந்தக் குடிமதிப்பின் நாட்களில் கலகம் செய்த கலிலேயனாகிய யூதாஸை ஜொசிபஸைப் போலவே புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலர் நடபடிகளும் குறிப்பிடுகிறது. ரோம வரலாற்றாசிரியர் தாசித்தசும் பிழைக்கு அப்பாற்பட்டவர் அல்லர்: இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த ரோம ஆளுநர் பிலாத்துவுக்கு அவர் தந்த பதவிப் பெயர் பிற்கால வழக்கு என்பதை, 1961இல் யூதேயாவின் கடற்கரை நகரான செசரியாவில் கிடைத்த, பிலாத்துவின் பதவியைக் குறிக்கும் கல்வெட்டுதான் தெளிவாக்கியது.