சில்லி மிஸ்டேக்காம், சில்லி மிஸ்டேக்!

"என்னடா ஆச்சு?"
"சில்லி மிஸ்டேக்பா."

அவ்வளவுதான் விசாரணை. கேஸ் முடிந்தது. பையன் கையில் ஜூஸ் டப்பா, அப்பா கையில் செல்போன். எந்த செஸ் ரேட்டிங் டோர்னமென்ட்டுக்குப் போனாலும் ஹால் வாசலில் இந்த நாடகம்தான். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இருக்கிறதே, அது தனி ரகம்.

ஆளுக்கு 60 நிமிடம், மூவுக்கு 30 விநாடி கூடுதல். பையன் கருப்பு. பத்தாவது மூவில் மேட், அதாவது ராஜாவுக்குத் தப்ப வழியே இல்லை. தோற்று எழுந்தபோது அவன் கடிகாரத்தில் மிச்சம் 63 நிமிடம். ஆமாம் சாமி, ஆரம்பித்ததைவிட அதிகம்! ஆளுக்கு ஒரு மணி நேரத்தைத் தூக்கிக் கொடுத்தால், அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறான்.

என்ன ஆட்டம் தெரியுமா? இரண்டு பக்கமும் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம். வெள்ளைக் குதிரை எஃப்3, கருப்புக் குதிரை சி6 (இதெல்லாம் போர்டில் கட்டங்களின் பெயர்). வெள்ளை பிஷப் சி4, கருப்பின் இன்னொரு குதிரை எஃப்6. நாலாவது மூவில் வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவுகிறது. பிஷப்பும் குதிரையும் சேர்ந்து ஒரே கட்டத்தை, எஃப்7-ஐ, முறைக்கின்றன. அங்கே காவலுக்கு ராஜாவைத் தவிர நாதியில்லை. ஜூனியர் பிரிவில் பாதிப் பேர் ஃப்ரைட் லிவர் என்கிற இந்தப் பொறியைத்தான் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். சரி, நம்மாள் டி5-க்கு சிப்பாயைத் தள்ளினான். சபாஷ், சரியான மூவ். வெள்ளை அதை வெட்டியது. இங்கேதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் பிஷப்பை விரட்ட வேண்டும். ஒரு சிப்பாய் போகும், போகட்டும். பதிலுக்குக் காய்கள் வேகமாக வெளியே வரும். நம்மாள் கை கண்ணைவிட வேகம். அவன் வெட்டினானா, நானும் வெட்டுவேன். எஃப்6 குதிரையால் டி5-ல் பளிச்சென்று ஒரு வெட்டு. எதிராளி அதற்காகத்தானே காலையிலிருந்து காத்திருக்கிறான்! எஃப்7-ல் குதிரையைப் போட்டான். ராஜா வெட்டியது. ராணி எஃப்3, செக். ராஜா பயந்துபோய் ஜி8-க்கு ஓடியது. பிஷப் டி5-ல் வெட்டி செக், ராணி அதை வெட்ட, வெள்ளை ராணி அந்த ராணியை வெட்டி மறுபடி செக். கருப்பு பிஷப்பை இ6-ல் குறுக்கே வைத்தான், ராணி அதையும் விழுங்கிவிட்டு மேட். எஃப்8-ல் சொந்த பிஷப், எச்8-ல் சொந்த யானை, ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை.

அப்பா செல்போனில் செஸ் ஆப்பைத் திறந்தார். ஏழாவது மூவில் ராட்சத சிவப்புக் கேள்விக்குறி. "இங்கதான்டா தப்பு. ராஜாவை இ6-க்குக் கொண்டுபோயிருக்கணும். அடுத்த தடவை ஞாபகம் வெச்சுக்கோ." அனாலிசிஸ் முடிந்தது. ஐந்தாவது மூவில் இருந்த சின்னக் குறியை அவர் விரல் தாண்டிப் போய்விட்டது.

மதியம் மறுபடி கருப்பு. மறுபடி அதே குதிரை ஜி5-ல். நம்மாள் பாடம் படித்தவன் ஆயிற்றே! டி5-ல் மறுபடி அதே வெட்டு, எஃப்7-ல் மறுபடி அதே குண்டு, செக் வந்ததும் ராஜாவை கம்பீரமாக நடு போர்டுக்கு, இ6-க்கு, நடத்தினான். வெள்ளை இன்னொரு குதிரையை சி3-ல் வைத்தது. டி5 குதிரை பிஷப்பின் பின்னில் (நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராஜாவுக்கு அடி) மாட்டிக்கொண்டு நகர வழியில்லாமல் மூன்று பக்கமும் அடி வாங்கியது. அப்புறம் வெள்ளை டி4 தள்ளி நடுவைத் திறந்தது. இந்த முறை சாவதற்குக் கொஞ்சம் அதிக நேரம் ஆனது, அதுதான் முன்னேற்றம். வெளியே வந்து என்ன சொன்னான் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஆப்புக்குள் ஆட்டத்தை அலசும் புரோகிராம், அதாவது இன்ஜின், காட்டும் சிவப்புக் குறி, விழுந்த இடத்தைத்தான் காட்டும். தடுக்கிய கல்லைக் காட்டாது. தப்பு ராஜாவின் மூவில் இல்லை ஐயா, "அவன் வெட்டினால் நான் வெட்டணும்" என்கிற கையில் இருக்கிறது. அதற்கு முன்னாடி, குதிரை ஜி5-க்கு வந்தபோது "இது எங்கே குறி வைக்கிறது?" என்று கேட்காத வாயில் இருக்கிறது. அதை எந்த ஆப்பும் சொல்லாது, பையன்தான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் இன்ஜினைத் திறக்கும் முன்னால், சூடு ஆறும் முன்னால், மூவ்களைக் குறித்து வைத்த ஸ்கோர் ஷீட்டை எடுத்து வைத்து, எந்த மூவில் என்ன நினைத்தேன், எதற்குப் பயந்தேன், எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று பென்சிலில் எழுத வேண்டும். அதற்கப்புறம் இன்ஜின். அதிலும் அது சொல்லும் முதல் மூவைப் பார்த்து "ஓ" போட்டால் போதாது. நாம் ஆட நினைத்த மூவைப் போட்டு, அது எப்படி அடி வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். பத்து தோல்விக்கு இப்படி எழுதினால் வண்டவாளம் தெரிந்துவிடும்: எதிராளி மிரட்டலைப் பார்க்காதது எத்தனை, பார்த்தும் கணக்குத் தப்பியது எத்தனை, நேரம் தீர்ந்து ஆடியது எத்தனை, எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டம், தெரியாதது எத்தனை. எது குவிகிறதோ அதுதான் அடுத்த மாத வேலை. பழைய உலக சாம்பியன் போட்வின்னிக் சொந்த ஆட்டங்களை அலசி எழுதச் சொல்லித் தொண்டை வறண்டார். இங்கே ஸ்கோர் ஷீட்டில் ராக்கெட் செய்து பறக்க விடுகிறார்கள்.

உடனே ஒருவர் வருவார், "உலக சாம்பியன் கிராம்னிக்கே ஒரே மூவில் வந்த மேட்டைப் பார்க்காம விடலையா?" என்று. விட்டார். 2006, பான் நகரம், டீப் ஃப்ரிட்ஸ் என்ற செஸ் புரோகிராமுக்கு எதிராக. ராணியை இ3-ல் வைத்தார், எச்7-ல் மேட். எஃப்8-ல் எதிராளியின் குதிரை நின்று எச்7-க்குத் துணை போவது கண்ணுக்குப் பழகாத அமைப்பு. உன் பையனுக்கு ஒரே நாளில் இரண்டு தடவை விழுந்தது கண்ணுக்குப் பழகாத அமைப்பா?

இன்னொருவர் குகேஷைச் சொல்வார். தாராளமாகச் சொல்லுங்கள். உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டி, 2024, டொரண்டோ. அதில் ஏழாவது ரவுண்டில் ஃபிரோஜாவிடம் நேர நெருக்கடியில் தோற்றவர், அங்கிருந்து எழுந்து 14-க்கு 9 எடுத்து அந்தப் போட்டியையே ஜெயித்தார். அவருக்கு நேரம் போதாமல் தோல்வி. இங்கே 63 நிமிடம் மிச்சம் வைத்துத் தோல்வி. இரண்டும் ஒன்றா?

சரி, கத்தி என்ன ஆகப்போகிறது. அடுத்த ஞாயிறும் ஏ5 கட்டம் காலியாகத்தான் கிடக்கும். அதை விடுங்கள். முதலில் அந்த பேரிங் லிஸ்ட்டை, அதாவது யாரோடு யார் மோதுகிறார்கள் என்கிற பட்டியலை, ஒரே ஒரு ஏ4 தாளில், எறும்பு சைஸ் எழுத்தில், ஒரே ஒரு சுவரில், அதுவும் பாத்ரூம் பக்கத்துச் சுவரில் ஒட்டுகிற புண்ணியவான் யார்? நானூறு பேர் அதன் முன்னால் செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டாவது தாள் எடுத்தால் பிரிண்டர் அழுமா?