குதிக்காலைப் பார்

போன ஞாயிறு திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கூட்டாளி ஒருவன் தீர்ப்பே எழுதிவிட்டான். "மனிசன் எண்டாலே சுயநலந்தான் மச்சான். மற்றதெல்லாம் நடிப்பு." ஆதாரம் கேட்டேன். 2022 பொருளாதார நெருக்கடியில் நாங்கள் நின்ற பெற்றோல் வரிசை என்றான். அந்த நேரம் நான் ஏதோ உளறினேன். வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒழுங்காக வந்தது. நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமா சாம்பல்தீவுப் பக்கம் கரைவலையில் மண்டாடியாக இருந்தவர். வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி. ஆட்களை நடத்துகிறவர் மண்டாடி. சோளகக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும்போது, எங்கள் பக்கக் கடல் அமைதியாகிவிடும். பள்ளிக்கூட விடுமுறைக்குப் போனால் நானும் கயிற்றில் ஒரு கை வைப்பேன். தோணி ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, கடலில் அரைவட்டமாக வலையை இறக்கி, மறுமுனையோடு திரும்பி வரும். பிறகு இரண்டு பக்கமும் இரண்டு கூட்டம் மணிக்கணக்காக இழுக்கும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிப்போகும், மீன் தப்பிவிடும். வலையின் பையான மடி கரைக்கு வரும்வரை உள்ளே இருப்பது சூடை மீனா, கீரி மீனா, வெறும் பாசியா என்று ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் கயிற்றின் நடுவில் ஒருவர் நிற்பார். பெயர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் முகநூலில் இருக்கிறார்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் அவர் குரல்தான் உச்சம். முகம் சுருங்கும், கழுத்து நரம்பு புடைக்கும். இவர் இல்லாவிட்டால் வலையே வராது என்று நான் நம்பியிருந்தேன். ஒருநாள் மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "மருமகன், கையைப் பாக்காத. குதிக்காலைப் பார்" என்றார். பார்த்தேன். மற்றவர்கள் உடம்பைப் பின்னால் சாய்த்திருந்தார்கள், குதிக்கால் மணலை உழுதுகொண்டு போனது. இவருடைய பாதமோ கடைத்தெருவில் நடப்பது போல மணல் மேலேயே இருந்தது. கயிற்றில் தொங்கிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

மாக்ஸ் ரிங்கல்மன் என்று பிரான்சில் ஒரு விவசாயப் பொறியியலாளர் இருந்தார். ஆட்களைத் தனியாகவும் கூட்டமாகவும் இழுக்கவைத்து அளந்து பார்த்தவர். 1913இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் ஆளுக்கு விழுவது தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான். எட்டுப் பேரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது ஒரு காரணம். சோம்பலும் சேர்ந்ததா? அதைப் பிரித்துப் பார்க்க 1974இல் அமெரிக்காவில் இன்னொரு சோதனை செய்தார்கள். முன்னால் நிற்பவரின் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் சேர்ந்து இழுப்பதாக நம்பவைத்தார்கள். உண்மையில் அவர் மட்டும்தான் இழுத்தார். அப்படியும் பலம் குறைந்தது. மாமாவுக்கு ரிங்கல்மனைத் தெரியாது. ஆனால் இரண்டுக்கும் மருந்து வைத்திருந்தார். ஒரே நொடியில் இழுக்க அம்பா. சோம்பலுக்கு அவருடைய கண்.

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்பான் என் கூட்டாளி. இல்லை, அவன் ஒருவரை மட்டும் பார்க்கிறான். அந்தக் கயிற்றில் மீதி இருபது பேருக்கு மேல் குதிக்காலைப் புதைத்து இழுத்தார்கள். நடுவில் நிற்பவர் ஏமாற்றுவது அவர்களுக்கும் தெரியும். திட்டுவார்கள், பங்கு பிரிக்கும்போது குத்திக்காட்டுவார்கள், இரண்டு நாள் பேசாமலும் இருப்பார்கள். ஏர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெக்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆட்களைப் பொது உண்டியலில் காசு போட வைத்து விளையாட விட்டார்கள். போடாதவனைத் தண்டிக்க வழி இல்லாதபோது, சுற்றுக்குச் சுற்று எல்லோரும் கையைச் சுருக்கினார்கள். தண்டிக்கலாம், ஆனால் அதற்கு உன் காசும் செலவாகும் என்றதும், தயங்காமல் செலவழித்தார்கள். உண்டியலும் நிறைந்தது. தன் காசைச் செலவழித்து அடுத்தவனுக்குப் பாடம் படிப்பிக்கும் பிராணியைச் சுயநலவாதி என்பதா, நல்லவன் என்பதா? எனக்கு இரண்டு சொல்லுமே பொருந்தவில்லை. 'ரோசக்காரன்' கொஞ்சம் கிட்ட வருகிறது.

பொதுச் சொத்து என்றால் எல்லோரும் மேய்ந்து அழித்துவிடுவார்கள் என்று 1968இல் கெரட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் எழுதியது உலகம் முழுக்கப் பரவியது. எலினோர் ஒஸ்ட்ரோம் என்ற அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ஊர் ஊராகப் போன ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அப்படிக் கட்டாயம் இல்லை, ஊர்ச்சனங்கள் தாங்களே விதி போட்டுக் காப்பாற்றிய இடங்கள் நிறைய என்று 1990இல் காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது, அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண். நம்மூர்க்காரர்களுக்குச் சுவையான விசயம், அவருடைய புத்தகத்தில் இலங்கைக் கரைவலையும் வருகிறது. தெற்கில் மாவெல்ல என்ற ஊர். எங்கள் பாடுகளில் (வலை போடும் கரைகளில்) போலவே அங்கும் முறை வைத்து வலை போட்டார்கள், எந்த வலை எந்த நாள் எந்த இடத்தில் என்று துல்லியமாக. அப்படியும் அதை அவர் தோல்விக் கணக்கில்தான் எழுதினார். முறை இருந்தது, வலைகளின் எண்ணிக்கைக்குக் கட்டு இல்லை. புது வலையைத் தடுக்கச் சட்டம் இருந்தும் அரசியல் செல்வாக்கு அதை நடக்கவிடவில்லை. வலைகள் பெருகின, ஆளுக்கு வரும் முறை அருகியது. மாவெல்ல ஆட்கள் எங்களைவிடக் கெட்டவர்கள் இல்லை. முறை வைக்கத் தெரிந்த கைக்கு வாசலை அடைக்கும் அதிகாரம் கிடைக்கவில்லை.

சரி, பெற்றோல் வரிசை. சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு நாங்கள் கேனோடு நின்ற கதை உங்களுக்குத் தெரியும். நான் நின்ற பெற்றோல் ஷெட்டில் முதல் இரவே ஒரு ஓட்டோக்காரர் மகளின் கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து நம்பர் எழுதத் தொடங்கினார். யாரும் அவரை நியமிக்கவில்லை. வீட்டுக்குச் சாப்பிடப் போனவரின் ஓட்டோவைப் பின்னால் நின்றவர் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் நின்ற அண்ணன் ஒருவர் நித்திரை கொண்டுவிட்டார், அவரை எழுப்பாமலே மூன்று பேர் மோட்டார் சைக்கிளைத் தூக்கி நகர்த்தினோம். இரண்டு நாள் இப்படி. மூன்றாம் நாள் பெற்றோல் பவுசர் வந்தது. பக்கத்துக் கதவால் இரண்டு வாகனம் உள்ளே போனது. அவ்வளவுதான், பத்து நிமிடத்தில் கொப்பி கிழிந்தது. கொப்பி எழுதியவரே ஓட்டோவைக் குறுக்கே விட்டார். நானும் தள்ளுமுள்ளில் ஒரு வயசாளியை முந்தினேன். அதைப் பற்றி இன்றைக்கும் எனக்கு நல்ல எண்ணம் இல்லை. ஜூலையில் கியூ.ஆர் குறியீட்டைக் காட்டி அளவாகப் பெற்றோல் வாங்கும் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று ஆனதும், அதே ஷெட்டில் அதே ஆட்கள் "நீங்க முன்னுக்குப் போங்க ஐயா" என்றார்கள். அதற்கிடையில் யாருடைய குணமும் மாறவில்லை.

என் கூட்டாளி கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒத்துழைப்பு என்றால் நல்லது என்று நாங்களாகவே எடுத்துக்கொள்கிறோம். சுயநலக்காரன் கலவரத்தில் ஒரு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். தெருத்தெருவாக, வீடு பார்த்து எரிப்பதற்கு ஒற்றுமை வேண்டும், கட்டுப்பாடு வேண்டும், தன் ஆளுக்காக உயிரைக் கொடுக்கும் மனம் வேண்டும். திருகோணமலையில் இந்த மூன்றுக்கும் எந்தப் பக்கத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. தன் கூட்டத்துக்காகத் தியாகம் செய்யும் குணமும் பிற கூட்டத்தை வெறுக்கும் குணமும் ஒன்றையொன்று வளர்த்திருக்கலாம் என்று 2007இல் சோய், போல்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணினி மாதிரியில் காட்டினார்கள். வாசித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. அதே ஊரில்தான் 2004 டிசம்பர் 26 சுனாமியில் யார் யாரைத் தூக்குகிறோம் என்று பார்க்காமல் தூக்கினோம். பிறகு நிவாரணப் பட்டியல் வந்தது, திரும்பவும் ஆள் எண்ணத் தொடங்கினோம்.

மாமா போய்ச் சேர்ந்து ஆறு வருடம். அண்மையில் அந்தப் பக்கம் போனபோது உழவு இயந்திரத்தில் உருளை பூட்டிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கரையில் ஏழு பேர். அதில் இரண்டு பேர் போன் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதனால் ஒரு நட்டமும் இல்லை, மெசின் இழுக்கிறது. இயந்திரச் சத்தத்தில் பாட்டுக்கு இடமில்லை. அந்த அம்பாவில் எனக்கு முதல் அடிக்கு மேல் ஞாபகம் வரவில்லை. முழுதாகத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதிவிடுங்கள்.