நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மேடை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சமூக நாடகக் குழுக்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அங்கிருந்து வெளியே போய்ப் புகழ்பெற்ற நடிகர்களின் பெயர்களைத்தான் முதலில் அடுக்குகிறோம். நானும் விதிவிலக்கல்ல. ‘அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர்’ என்ற பெயரை நான் அறிந்ததே ஹாலிவுட் நடிகர் சிட்னி பாய்ட்டியர் வழியாகத்தான். பஹாமாஸ் உச்சரிப்போடு நடிப்புத் தேர்வுக்கு வந்த அந்த இளைஞரைக் குழு திருப்பி அனுப்பியது. அவரோ வானொலியைக் கேட்டுக் கேட்டுப் பேச்சைத் திருத்திக்கொண்டு மறுபடியும் வந்து, கூலி வேண்டாம், கூட்டிப் பெருக்குகிறேன், பதிலுக்கு நடிப்பைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுச் சேர்ந்தார். நல்ல கதைதான். ஆனால், அவரைச் சேர்த்துக்கொண்ட குழுவுக்கு என்ன ஆயிற்று என்று நாம் கேட்பதில்லை.

அந்தக் கதை நியூயார்க்கின் கறுப்பினக் குடியிருப்பான ஹார்லெமில், 135ஆம் தெரு நூலகத்தின் கீழ்த்தளத்தில் தொடங்குகிறது. 1926இல் அங்கே ‘கிரிக்வா’ நாடகக் குழுவை நிறுவிய கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ், கறுப்பினத்தவரின் நாடகம் நம்மைப் பற்றியதாக, நம்மால் எழுதப்பட்டதாக, நமக்கானதாக, நமக்கு அருகில் நடப்பதாக இருக்க வேண்டும் என்று நான்கு நிபந்தனைகளை வகுத்தார். முதல் மூன்றைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். என் பார்வையில் நான்காவதுதான் கடினமானது. வேலை முடிந்து வருபவர் நடந்தே வந்து பார்க்கக்கூடிய தூரத்தில் மேடை இல்லையென்றால் மற்ற மூன்றும் ஏட்டுச் சுரைக்காய்தான். அந்தக் குழுவும் நீடிக்கவில்லை. 1927இல் யூலாலி ஸ்பென்சின் நாடகத்துக்குக் கிடைத்த 200 டாலர் பரிசை டூ பாய்ஸ் தயாரிப்புச் செலவில் கழித்துவிட, உழைத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாமல், மனக்கசப்பில் குழு கலைந்தது. பெரிய சிந்தனையாளர்களும் கணக்கு வழக்கில் சறுக்குவார்கள் போலும்.

1940இல் ஏப்ரம் ஹில்லும் ஃப்ரெடெரிக் ஓ’நீலும் அமெரிக்கன் நீக்ரோ தியேட்டரைத் தொடங்கியது அதே கீழ்த்தளத்தில்தான். கூட்டுறவு முறையில் இயங்கிய அக்குழுவில், வெளியே நடித்துச் சம்பாதிப்பவர் வருவாயில் 2 சதவீதத்தைக் குழுவுக்குத் தர வேண்டும் என்ற விதி இருந்தது. நாலு பேர் மேலே போனாலும் வீட்டுக்கு அரிசி வந்துகொண்டிருக்க வேண்டும் என்ற கணக்கு அது. ஆனால், 1944இல் குழுவின் ‘அன்னா லுகாஸ்டா’ நாடகம், நியூயார்க் நகர மையத்தின் வணிக நாடக அரங்குகளான பிராட்வேக்குப் போய் 957 முறை மேடையேறியபோது, வசூலில் தாய்க்குழுவுக்குக் கிடைத்தது சொற்பம். குழுவினரின் கண்ணும் நகர மையத்தின் பக்கம் திரும்பிவிட்டது. சில ஆண்டுகளில் குழு ஒளியிழந்தது. நடிகர்களை நான் குறைசொல்லவில்லை. நாடகத்தை அக்கம்பக்கத்தாருக்காக நடத்துகிறோமா, பிராட்வேக்கு ஆள் பிடித்துக் கொடுக்க நடத்துகிறோமா என்பதைக் குழுதான் தீர்மானித்திருக்க வேண்டும்.

இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவுசெய்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். நுழைவுச்சீட்டு வருவாய் செலவுக்குப் போதாதபோது மீதியை அறக்கட்டளைகளும் அரசு மானியமும் நன்கொடையாளர்களும் தர வேண்டும். அந்தப் பணம் எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. பிராந்திய அரங்குகளின் கூட்டமைப்பில் இருந்த 66 அரங்குகளில் ஒன்றே ஒன்றுதான் கறுப்பினத்தவருடையது என்று 1996இல் கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் மேடையிலேயே சாடினார். நியூ ஜெர்சியின் கிராஸ்ரோட்ஸ் தியேட்டர் 1999இல் சிறந்த பிராந்திய அரங்குக்கான டோனி விருதைப் பெற்றது; மறு ஆண்டே கடன் தாங்காமல் நாடகங்களை நிறுத்திவைக்க நேர்ந்தது.

இதனால்தான் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் உள்ள கராமு ஹவுஸ் என்ற சமூக இல்லத்தின் மீது எனக்குத் தனி மதிப்பு. 1915இல் அதைத் தொடங்கிய ஜெல்லிஃப் தம்பதியர் வெள்ளையர்கள் என்பதால் ‘நம்மால்’ என்ற நிபந்தனைக்கு அது முழுமையாகப் பொருந்தாது. அந்த நெருடலை மறைக்கத் தேவையில்லை. ஆனால், பள்ளி மாணவராகக் கறுப்பின எழுத்தாளர் லாங்ஸ்டன் ஹியூஸ் வந்து போன இடம் அது. பின்னர், 1930களில், அவருடைய நாடகங்களை மேடையேற்றியதும் அந்த இல்லத்தின் கில்பின் நாடகக் குழுவே. 1939இல் அரங்கம் தீக்கிரையானது. பத்தாண்டுகள் கழித்து 1949இல் புதிய கட்டடம் எழுந்தபோது, பெரிய அரங்குகள் வரிசைகட்டி நிற்கும் நகர மையத்தை நாடாமல், கறுப்பினக் குடும்பங்கள் வாழும் ஃபேர்ஃபேக்ஸ் பகுதியில், கிழக்கு 89ஆம் தெருவில்தான் அதைக் கட்டினார்கள். இன்றும் நாடகம் அங்கேதான் நடக்கிறது.