395-ஆம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் மன்சனாரையும் பாருங்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டெத் வேலி, யோசெமிட்டி தேசியப் பூங்காக்கள் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க 395-ஆம் நெடுஞ்சாலையில் போகலாம் என்று உங்கள் பயணக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நல்ல யோசனை. ஆனால் லோன் பைன் ஊரைத் தாண்டியதும் சாலையோரத்திலேயே இருக்கும் மன்சனார் என்ற பழைய தடுப்பு முகாமை விட்டுவிட்டாரே என்று ஆதங்கமாக இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில், 1942 முதல் 1945 வரை, ஜப்பானிய வம்சாவளியினர் 10,000 பேருக்கும் மேல் இங்கே அமெரிக்க அரசால் அடைக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. பழையபடியே திரும்பக் கட்டியிருக்கும் பெண்கள் கழிப்பறைக்குள் அவசியம் போய்ப் பாருங்கள். கழிப்பிடங்கள் வரிசையாக இருக்கின்றன, நடுவில் ஒரு தடுப்புகூடக் கிடையாது. அங்கே நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம் இடுகாடு. 1943-இல் அங்கிருந்தவர்களே எழுப்பிய வெள்ளைத் தூண், பின்னால் சியரா நெவாடா மலைகள். வருகிறவர்கள் காகிதக் கொக்குகளும் நாணயங்களும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் போட்டது 1988-இல்தான். அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நுழைவுக் கட்டணம் இல்லை. நிழல் குறைவு என்பதால் கோடையில் காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.